புதுப்பிப்பு: பாக்குலா பேக்கப் தொங்கி நின்ற சிக்கல் தீர்ந்தது

நெட்வொர்க் வழியாக பேக்கப் எடுக்கும் மென்பொருளான பாக்குலாவில் கிளையன்ட் (பேக்கப் எடுக்க வேண்டிய கணினி) ஸ்டேட்டஸ் ஒழுங்காக வருகிறது, பேக்கப் ஜாப் மட்டும் தொடங்கியதுமே தொங்கிப்போய்ப் பிழையில் முடிகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

டைரக்டர் (பேக்கப் ஜாப்களை நடத்தும் பாக்குலா நிரல்) கிளையன்டை 9102 போர்ட்டில் கூப்பிடுகிறது. அது திறந்திருந்ததால் ஸ்டேட்டஸ் வந்தது. ஆனால் தரவை அனுப்பும்போது இணைப்பைத் தொடங்குவது கிளையன்ட்தான். சர்வரில் ஓடும் ஸ்டோரேஜ் டீமனை (தரவை வாங்கிச் சேமிக்கும் நிரல்) 9103 போர்ட்டில் தேடிப் போகிறது. நடுவிலிருந்த ஃபயர்வால் அந்தத் திசையை மறித்திருந்தது. சர்வரிலிருந்து எத்தனை பிங் அடித்தாலும் இது தெரியாது. கிளையன்டிலிருந்து டெல்நெட்டில் 9103-ஐத் தட்டியதும் குட்டு உடைந்தது.

அப்புறம், போர்ட்டைத் திறந்தும் ஓடவில்லையா? டைரக்டர் அமைப்பில் ஸ்டோரேஜ் முகவரியைப் பாருங்கள். லோக்கல்ஹோஸ்ட் (அதாவது ‘இதே கணினி’) என்றிருந்தால் கிளையன்ட் தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இங்கே நேற்றிரவு முழு பேக்கப்பும் ஓடி முடிந்தது.