மறுமொழி: ஜீப்பின் ஸ்நார்க்கலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வண்டி நீரில் இறங்கினாலும் எஞ்சினுக்குக் காற்று கிடைப்பதற்காக, ஜீப்பின் முன்கண்ணாடித் தூணை ஒட்டிக் கூரை உயரம் வரை எழுந்து நிற்கும் ஸ்நார்க்கல் என்னும் குழாய்க்கு இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: நீர்மூழ்கிக் குழல், முங்குகுழல், மூச்சுக்குழல். முங்குகுழல் எங்கள் குமரி மாவட்டத்துப் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டது. கடியப்பட்டணத்துப் பாறைகளில் சிப்பி எடுக்க முங்குபவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லின் மேல் தனிப்பற்றே உண்டு. ஆயினும் முதல் இரண்டு சொற்களையும் ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அதற்கான காரணத்தை நான் அகராதியில் கண்டுபிடிக்கவில்லை, என் வண்டியில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2021 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊர்ச் சாலைகள் முழங்காலுக்கு மேல் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்த பிறகு, என் டீசல் ஜீப்பில் ஸ்நார்க்கல் பொருத்தினேன். பொருத்திய வாரத்திலேயே குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை வழியாகக் கோதையாற்றுக்கு ஏறினேன். முன்பு மூன்றாம் கியரில் சளைக்காமல் ஏறிய மேட்டில் வண்டி இரண்டாம் கியருக்கு இறங்கியது, பின்னால் கறும்புகை கக்கியது. எங்கள் பட்டறைகளில் இதை 'வண்டி வலிக்கல்ல', அதாவது இழுக்கவில்லை, என்பார்கள். கரையில் நின்று கரைமடி வலையை வலிப்பவர்கள் வழங்கும் அதே வினைச்சொல்தான். டீசல் ஃபில்டரை மாற்றினோம், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்தோம், கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பார்த்தோம். ஸ்நார்க்கலை மட்டும் எவரும் தொடவில்லை. 'அது தண்ணிக்குள்ள வச்சது, இப்பம் தண்ணியில இறங்கல்லியே' என்றார் ஒரு மெக்கானிக். அவர் தொழில் தெரியாதவர் அல்லர். தண்ணீருக்கான பொருள் என்று மனத்தில் பதிந்துவிட்ட ஒன்றைக் காய்ந்த சாலையில் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. ஆனால் அந்தக் குழாயைப் பொருத்திய நொடியிலிருந்து, நாகர்கோவில் கடைத்தெருவில் வண்டி நின்று உறுமும்போதும், எஞ்சின் இழுக்கும் காற்று முழுவதும் அதன் வழியாகத்தான் வருகிறது.

கடைசியில் குலசேகரத்துப் பட்டறை ஒன்றில் இருந்த முதியவர், ஏர் ஃபில்டரை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, ஃபில்டர் பெட்டியின் வாயில் செருகியிருந்த ஸ்நார்க்கல் ஹோஸை மட்டும் உருவிவிட்டு, 'இப்பம் ஒரு மேடு ஏத்திப் பாருங்க' என்றார். வண்டியின் இழுவை முழுவதும் திரும்பியிருந்தது. அந்த ஒரே சோதனையில் கோளாறு ஃபில்டருக்கு முன்னால்தான் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. பிறகு ஹோஸை மீண்டும் செருகி, எஞ்சின் சூடு ஆறுவதற்குள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டுக்கும் ஃபில்டர் பெட்டிக்கும் இடையே வளைந்து செல்லும் அந்த ஒரு முழ ரப்பர் ஹோஸ், நெடுநாள் நோயில் கிடந்தவரின் கன்னம்போல உள்வாங்கி ஒட்டியது. காலை எடுத்ததும் உப்பி எழுந்தது. உள்ளே கம்பிச் சுருள் இல்லாத ஹோஸ் அது. குளிர்ந்திருக்கையில் விறைப்பாக நின்றதால் பொருத்திய இடத்தில் எவர் கண்ணுக்கும் படவில்லை. சூட்டில் இளகிய பிறகே எஞ்சினின் உறிஞ்சலுக்கு வளைந்துகொடுத்திருக்கிறது.

அந்த உறிஞ்சலின் அளவைக் கணக்கிட்டால் வியப்பு நீங்கிவிடும். 2.5 லிட்டர் நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை நிரப்பிக்கொள்கிறது. நிமிடத்துக்கு 4000 சுற்றில், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் டர்போ இல்லாமலே ஏறத்தாழ 5000 லிட்டர் காற்று வேண்டும். டர்போ முழுமூச்சில் ஊதும்போது ஏறத்தாழ இரு மடங்கு ஆகலாம். மூன்று அங்குலக் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அங்குலக் குழாயை வைத்தால் வாயின் பரப்பு பாதிக்கும் கீழே குறைகிறது. அதே அளவு காற்றை இழுப்பதற்கான உராய்வுத் தடையோ ஏழு மடங்குக்கும் மேல் கூடுகிறது. விட்டம் சிறிது குறைந்தாலும் தடை பன்மடங்காகும் என்பதால்தான் ஒட்டிய ஹோஸும், கூரான வளைவும், பொருத்தும்போது உள்ளே மறந்துவிட்ட துணியும் ஒரே விளைவைத் தருகின்றன: காற்றுக்கு ஏற்ற அளவைவிட டீசல் மிகுந்து, எரியாத கரி புகையாக வெளியேறுகிறது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு இதே கருவியை 1930-களில் பொருத்திய டச்சுக்காரர்கள், மோப்பம் பிடிப்பது என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டார்கள். பிறகு எடுத்தாண்ட ஜெர்மானியர்கள் மூக்கைக் குறிக்கும் தங்கள் வட்டாரச் சொல்லை வைத்தார்கள், ஸ்நார்க்கல் என்பது அதன் திரிபே. கடலுக்கு அடியில் செல்லும் கருவிக்கே அவர்கள் நீரை விட்டுவிட்டு மூக்கைத்தான் பெயராகக் கொண்டிருக்கும்போது, மலைப்பாதையில் ஏறும் ஜீப்பின் கருவிக்கு நாம் நீர்மூழ்கிக் குழல் என்றோ முங்குகுழல் என்றோ பெயரிடுவது பொருத்தமாகாது.

மூச்சுக்குழல் கருத்தில் சரியானது. ஆனால் பள்ளி உயிரியலில் தொண்டைக்குக் கீழுள்ள உறுப்புக்கு அச்சொல் நிலைபெற்றுவிட்டது. மேலும், ஃபில்டரிலிருந்து எஞ்சின் வரை செல்லும் உட்குழாய்க்கே அது இயல்பாகப் பொருந்தும். 'மேல்மூச்சுக் குழல்' என்று நான் முதலில் எழுதிப் பார்த்தேன். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது நம் வழக்கில் இளைப்பின் அடையாளம் என்பதால் நானே அதை விலக்கிவிட்டேன்.

என் பரிந்துரை தும்பிக்கைக் குழல். கழுத்தளவு நீரில் ஆற்றைக் கடக்கும் யானை தும்பிக்கையை உயர்த்தி மூச்சு விடுகிறது. கரையேறிய பின்னும் அதன் வழியாகவே மூச்சு விடுகிறது. நீரும் மூச்சும் இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன, மூச்சே முதன்மையாகவும் நிற்கிறது. யானை தும்பிக்கையால் நீரை உறிஞ்சுமே, எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடுமே என்று ஒரு தடை எழலாம். உறிஞ்சிய நீரை யானை நுரையீரலுக்கு அனுப்புவதில்லை. தும்பிக்கையிலேயே நிறுத்தி வாயில் பீய்ச்சிக்கொள்கிறது. நல்ல ஸ்நார்க்கல்களின் தலையிலும் மழைத்துளிகளைக் கீழே இறங்கவிடாமல் வெளியே வடிக்கும் பிளவுகள் இருக்கின்றன. ஆகவே அந்தத் தடையே உவமையை வலுப்படுத்துகிறது என்று கருதுகிறேன்.

இதனுடன் இரண்டு துணைச்சொற்களும் தேவை. உள்வரும் காற்றுக்கு ஏற்படும் தடையை 'மூச்சுமுட்டு' என்று சொல்லலாம். மக்கள் வாயில் ஏற்கெனவே இருப்பது, விளக்கவுரை வேண்டாதது. இணைப்புகளில் காற்று கசிவதை 'காற்றொழுக்கு' என்று பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இரண்டும் ஒரே கோளாறு அல்ல. ஃபில்டருக்கு முன்னால் உள்ள காற்றொழுக்கு இழுவையைக் குறைக்காது. நீரும் தூசியும் ஃபில்டர் பெட்டிக்குள் புக வழிவிட்டு, குழாய் பொருத்திய நோக்கத்தையே கெடுக்கும். காற்றளவு உணரிக்கும் (சென்சார்) டர்போவுக்கும் இடையே ஒழுகினால் கணக்கில் வராத காற்று புகுந்து எரிபொருள் அளவு பிசகும். டர்போவுக்குப் பின்னால் ஒழுகினால் அழுத்திய காற்று வெளியேறி இழுவை குறையும். 'ஸ்நார்க்கல் போட்டபின் பவர் இல்லை' என்று ஒரே வரியில் முறையிடுபவரிடம் மூச்சுமுட்டா, காற்றொழுக்கா என்று முதலிலேயே கேட்க முடிந்தால் பாதித் தேடல் மிச்சமாகும்.

குழாயின் உச்சியில் முன்னோக்கியோ பின்னோக்கியோ திருப்பி வைக்கும் தலைப்பகுதிக்கு இன்னும் நல்ல சொல் எனக்கு அமையவில்லை. தும்பிக்கை நுனி என்பது நீளமாக இருக்கிறது, குல்லாய் என்பது மூடியைக் குறித்துவிடுகிறது. லாரி, டிராக்டர் பட்டறைகளில் இதற்கு ஏதேனும் வழக்குச்சொல்லைக் கேட்டவர்கள் எழுதினால், இந்த நான்கையும் ஒரே பதிவாக நம் சொற்பட்டியலில் சேர்க்கலாம்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து