ஏற்காட்டுப் பக்கம் வேன் வீட்டை மாதக்கணக்கில் நிறுத்தியவர்கள் இங்கே எழுதுங்கள்

நாகலூர்க்காரன்:
மாமாவின் காபித் தோட்டத்தில் டெம்போ டிராவலர் நிற்கிறது. கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் போட்ட வண்டி. மழைக்காலம் முடியும்வரை சேலத்துக்கு இறக்குவதாக இல்லை. சக்கரத்துக்குப் பலகை, நாலு மூலைக்கும் ஜாக்கி, ரசமட்டத்தில் குமிழி நடுவில். எல்லாம் பார்த்துவிட்டுத்தான் படுத்தோம். ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி பாத்ரூம் கதவு தானாகத் திறந்து என் காலில் இடித்தது. டார்ச் அடித்தால், பள்ளத்துப் பக்கம் பின் ஜாக்கியின் அடித்தட்டையே காணோம். செம்மண் மூடியிருந்தது.

காலையில் தோட்டத்து மேஸ்திரி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மேட்டுப் பக்கச் சக்கரத்தை ஒட்டிக் கடப்பாறையால் ஒரு குத்து. நங்கென்று எகிறியது. சுற்றி வந்து பள்ளத்துப் பக்கம் குத்தினார். சத்தமே இல்லை, முழங்கை ஆழம் இறங்கிவிட்டது. "அது வெட்டின மண்ணுங்க, இது கொட்டின மண்ணு" என்று சொல்லிவிட்டு மிளகு பறிக்கிற ஏணியைத் தேடிப் போய்விட்டார். மலையில் சமதளம் என்றாலே உள்பக்கத்தை வெட்டி வெளிப்பக்கம் கொட்டியதுதானே. வண்டியை மேட்டோரமாக நகர்த்திவிட்டோம். ஆனால் இப்போது யார் வீட்டு வாசலைப் பார்த்தாலும் கடப்பாறை ஞாபகம்தான்.

அடிவாரத்தான்:
தம்பி, ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினீர்களா, ஆட்டம் நிற்க மட்டும் கொடுத்தீர்களா? அதைச் சொல்லவில்லையே. எடை டயரில்தான் நிற்க வேண்டும். மூலை ஜாக்கி தரையைத் தொட்டு இறுகினால் போதும்.

கன்னங்குறிச்சியில் என் மச்சான் கேரவன் வைத்திருந்தார். ஒரே ஒரு மூலையை மட்டும் ஏற்று ஏற்று என்று ஏற்றிவிட்டார். பாடி முறுக்கிக்கொண்டு வாசல் கதவு கொண்டியில் உட்காரவில்லை. நான் போகும்போது ஆசாரி கதவை இழைத்துக்கொண்டிருந்தார், கீழே மரச்சுருள் குவிந்து கிடக்கிறது. ஜாக்கியை இரண்டு சுற்று இறக்கினேன். கதவு டக்கென்று மூடியது. இழைத்த சந்தில் இன்றைக்கும் சாரல் அடிக்கிறது. மச்சான் என்னோடு பேசுவதில்லை.

பகோடா பாயின்ட்:
எல்லோரும் தரையையே பேசுகிறீர்கள். கூரையை யார் பார்ப்பது? குமிழி நடுவில் வரும்படி நிறுத்தினால் மழைத்தண்ணீர் மேலே தேங்கும். மூன்றாம் வாரமே கூரையில் காற்றுப் போக வைத்த வென்ட் ஓரத்துப் பசை விட்டு, அரிசி டப்பாமேல் சொட்டியது எங்கள் வண்டியில். இப்போது வேண்டுமென்றே பின்பக்கம் கொஞ்சம் சாய்த்துத்தான் நிறுத்துகிறோம். நல்ல தூக்கம் வருகிறது.

ஏழாம் வளைவு:
அக்கா சொல்வதை அப்படியே செய்துவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது கம்ப்ரசர் ஃபிரிட்ஜாக இருக்கும், அதற்குக் கொஞ்சம் சாய்வு பரவாயில்லை. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜில் குளிர்ச்சி தருகிற அமோனியா தன் எடையில்தான் குழாயில் இறங்கி வர வேண்டும். அதிகமாகச் சாய்ந்தால் வழியில் தேங்கும், குளிர்ச்சி போகும், நாளாக ஆக யூனிட்டே போய்விடும்.

என் கதை சின்னது. டிரைவர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். தை மாதம் டிராக்டர் கட்டி இழுத்தால், மூன்று சக்கரம் உருள்கிறது, ஒன்று மட்டும் ஏர் ஓட்டுவதுபோல் மண்ணைக் கீறிக்கொண்டே வருகிறது. சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மோடு, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டுவிட்டது. இது 1500 மீட்டர் உயரம், மாதக்கணக்கில் பனியும் ஈரமும். கேட்காமல் போனாலும் சொல்கிறேன்: ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு முதல் கியரில் நிறுத்துங்கள், சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஜாக்கிக்கு அடியில் ஒரு முழ அகலமாவது கனமான பலகை வேண்டும், செங்கல் வேண்டாம், நனைந்தால் நொறுங்கும். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். தண்ணீர் டேங்கைக் காலி செய்யுங்கள், பாதித் தண்ணீர் குலுங்கினாலே வண்டி ஆடும். டயரில் காற்றைக் குறைக்காதீர்கள், அவ்வப்போது சக்கரத்தைக் கால் சுற்று உருட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும். எலி ஒயரைக் கடிக்கும், பானெட்டைத் திறந்து பாருங்கள். எடுக்கும்போது தோட்டத்துக்குள்ளேயே பத்துத் தடவை பிரேக் மிதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குங்கள்.

நாகலூர்க்காரன்:
எல்லாம் சரிங்கண்ணா. எங்கள் வண்டிக்கு நேர் கீழே லேபர் லைன், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகள். ஹேண்ட் பிரேக் இல்லாமல் வெறும் கட்டையை நம்பி நான் எப்படித் தூங்குவது?

அடிவாரத்தான்:
சரிவு என்றால் பிரேக் போட்டே ஆக வேண்டும், அவர் சொல்வது சமதளத்துக்கு. முன்சக்கரத்தை மேட்டுப் பக்கம் ஒடித்து வையுங்கள். ஷூ ஒட்டினால் டிரம்மைச் சுத்தியலால் தட்டி விடுவித்துக்கொள்ளலாம்.

ஏழாம் வளைவு:
நாங்களும் தட்டினோம். டிரம்தான் விரிசல் விட்டது.