மறுமொழி: ‘மருந்து எதிர்ப்பு’ – கோடிங்குக்கு இது ஆகாது

அனைவருக்கும் வணக்கம். கிருமி மருந்துக்குப் பணியாத நிலையை (ஆங்கிலத்தில் ‘ரெசிஸ்டன்ஸ்’) தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில்.

> ‘மருந்து எதிர்ப்பு’ என்பது நாளிதழ் வரைக்கும் வந்துவிட்ட சொல். இனி எதற்கு மாற்ற வேண்டும்?

ஐயா, நாளிதழுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளை, அதாவது நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டை (‘கோடு’) போடுவது என் பிழைப்பு. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்கும்போதுதான் இந்தச் சொல் காலை வாருகிறது.

போன வாரம் ஒரு சார்ட். சிறுநீர்க் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தது. அறிக்கையில் இடப்பக்கம் மருந்துகளின் பெயர், வலப்பக்கம் ஒற்றை எழுத்து. செஃப்ட்ரியாக்சோனுக்கு ஆர், சிப்ரோஃப்ளாக்சசினுக்கு ஆர், மெரோபெனமுக்கு எஸ் (கிருமி பணியும் என்று பொருள்). “ஆர் என்றால் எதிர்ப்பு” என்றேன். பக்கத்தில் இருந்த பெண், “எதிர்ப்பு இருந்தால் நல்லதுதானே அக்கா?” என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று கபசுரக் குடிநீர் குடித்த தலைமுறை. எதிர்ப்பு என்றாலே நம் பக்கம் நிற்கிற ஒன்று என்றுதான் காதில் விழும். இங்கே எதிர்ப்பது கிருமி, அதுவும் நாம் கொடுக்கும் மருந்தை.

இன்னொரு கூத்தும் உண்டு. ஆன்டிபயாட்டிக்குக்கு ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்று ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டோம். அப்படியானால் இது ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’. வேகமாக இரண்டு முறை சொல்லிப் பாருங்கள்.

> ‘மருந்து தாங்குதிறன்’ எனலாமே?

கூடாது. தாங்குவது வேறு. சில கிருமிகள் மருந்து இருக்கும்வரை வளராமல் பதுங்கிக் கிடக்கும், மெதுவாகத்தான் சாகும். ஆனால் அவற்றின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மருந்தளவு கூடியிருக்காது. நுண்ணுயிரியலில் அது தனிக் கருத்து. தாங்குதிறனை அதற்கு விட்டுவைப்போம்.

> எங்கள் ஊரில் ‘மருந்துக்குக் கேட்கலை’ என்பார்கள். ‘மருந்துகேளாத் தொற்று’?

இழையிலேயே எனக்குப் பிடித்த யோசனை இது. வீட்டில் புழங்கும் பேச்சிலிருந்து வந்தது. ஆனால் வைரஸ் காய்ச்சலும்தான் அமாக்சிசிலினுக்குக் கேட்காது. பாதியில் மாத்திரையை நிறுத்தினாலும் கேட்காது. கேட்கவில்லை என்பது நோயாளியிடம் நாம் காண்கிற விளைவு. கோடு கேட்பது இந்தக் கிருமி இந்த மருந்துக்குப் பணிகிறதா என்பதை மட்டும். ஆகவே சிகிச்சை பலிக்காத நிலைக்குக் ‘கேளாமை’யை வைத்துக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு: மருந்தடங்காமை. மருந்துக்கு அடங்காத தொற்று, சுருக்கினால் மருந்தடங்காத் தொற்று.

‘மருந்தடங்கா’ என்று பெயரெச்சமாக இன்னொரு சொல்லோடு ஒட்டி நிற்பது எனக்கு முக்கியம். காரணம் கோடுப் பட்டியலின் அமைப்பு. அமெரிக்காவின் நோய்க் கோடுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் இதற்கு இசட் 16 என்ற பிரிவு. அது தனியாக நிற்காது. முதலில் தொற்றின் கோடு, அப்புறம் கிருமியின் கோடு, கடைசியில்தான் இது ஒட்டும். மேலே சொன்ன ஈ.கோலை ஈஎஸ்பிஎல் வகை (பல பென்சிலின், செஃபலோஸ்போரின் மருந்துகளைச் சிதைக்கும் நொதியைச் சுரப்பது) என்றால் இசட் 16.12. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-இல் இதே வேலையை யூ 82 முதல் யூ 84 வரை செய்கின்றன. எம்ஆர்எஸ்ஏ (மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா) மட்டும் விலக்கு. அதன் கோட்டுக்குள்ளேயே அடங்காமை இருப்பதால் பென்சிலினுக்கான இசட் 16.11-ஐ மேலே ஏற்றக் கூடாது. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம்.

‘அடங்கா’ என்றால் ‘உள்ளே கொள்ளாத’ என்றும் பொருள் வருமே என்று கேட்பீர்கள். வரும். ‘தொற்று’ என்ற சொல் பக்கத்தில் வந்தால் யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள்.

காசநோய்க்கு ‘இருமருந்து’, ‘நான்மருந்து’ என்று எண்ணிக்கை வைக்கச் சொன்னவருக்கு: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டு மருந்துக்கும் அடங்காத காசநோய் எம்டிஆர். சரி, அதை எண்ணிவிடலாம். அதற்கும் மேலே இன்னும் சில மருந்துகளுக்கு அடங்காதது எக்ஸ்டிஆர். அதன் வரையறையை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மாற்றியதே! முன்பு அதில் ஊசி மருந்துகள் இருந்தன. இப்போது ஃப்ளோரோகுயினலோன் வகை மருந்துக்கும், பெடாகுயிலின், லினிசோலிட் இவற்றில் ஒன்றுக்காவதும் அடங்காமல் இருக்க வேண்டும். எண்ணைப் பெயரில் பூட்டினால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் நாமும் ஓட வேண்டும். பன்மருந்தடங்கா, மிகுமருந்தடங்கா என்று நிறுத்திக்கொள்வோம்.

‘டயக்னோசிஸ் கோடு’க்குச் சொல்லப்படும் ‘நோய்க்குறியீடு’ பற்றிச் சுருக்கமாக. நோய்க்குறி என்றால் பலருக்கும் காய்ச்சல், இருமல் போன்ற அறிகுறிதான். அறிகுறிகளுக்கு ஐசிடியில் ஆர் எழுத்தில் தொடங்கும் கோடு வரிசை தனியாகவே இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். ‘நோயறி குறியீடு’க்கே என் வாக்கு.

நேற்று அந்தப் பெண்ணிடம் மருந்தடங்காமை என்று சொல்லிப் பார்த்தேன். “அடங்காப்பிடாரி மாதிரியா அக்கா?” என்றாள். ஆமாம் என்றேன். உடனே இசட் 16-ஐத் தட்டப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஆய்வகத் தாளில் ஆர் இருந்தால் மட்டும் போதாது, மருத்துவர் தன் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. கேள்வி அனுப்பியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.