மனைவியின் மறதி: "வயதானால் வருவதுதான்" என்ற பதிலோடு விட்டுவிடலாமா?

கேள்வி:
என் மனைவிக்கு 62 வயது. சிறு வயது முதல் சிக்குக் கோலம் போடுபவர், சென்ற மார்கழியில் புள்ளிகளைச் சரியாக வைத்துவிட்டு, இழையை எந்தப் பக்கம் வளைப்பதென்று தெரியாமல் மாவுக் கிண்ணத்துடன் வாசலிலேயே நின்றார். கேட்டதையே திரும்பக் கேட்கிறார். பால் கணக்கு எழுதுவதையும் நிறுத்திவிட்டார். எங்கள் மருத்துவரோ, வயதானால் வருவதுதான் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் முன்னால் மனைவி கலகலப்பாகத்தான் பேசினார். சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார். மேற்கொண்டு நான் வற்புறுத்தலாமா?

பதில் 1:
கட்டாயம் வற்புறுத்துங்கள். ஒரு பெயர் மறந்து, சற்று நேரம் கழித்து நினைவுக்கு வருவது வயதின் இயல்பு. கைப்பழக்கமான வேலையே பிடிபடாமல் போவது அப்படியல்ல. மெட்ஃபார்மினை நெடுநாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதுண்டு. அந்தக் குறைபாடும், தைராய்டு சுரப்புக் குறைவும், மனச்சோர்வு நோயும் மறதிநோய் போலவே தோன்றக்கூடியவை, சிகிச்சைக்கு வசப்படக்கூடியவையும்கூட. முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் தரும் சில மாத்திரைகளும் நினைவை மங்கச் செய்யும் என்பதால், வீட்டிலுள்ள எல்லா மருந்து அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

பதில் 2:
ஐயா, என் கணவருக்காக இதே வழக்காட்டத்தை நானும் நடத்தியிருக்கிறேன். "மறதி அதிகம்" என்று சொன்னால் எடுபடாது. கோலம், பால் கணக்கு போன்றவற்றைத் தேதியோடு ஒரே தாளில் எழுதி, உங்கள் மனைவி உள்ளே வருவதற்கு முன்பே மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள். மனைவியின் எதிரிலேயே குறைகளை அடுக்கினால், அடுத்த முறை வரவே மறுப்பார். நரம்பியல் மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதமும் கேளுங்கள். 'மோகா' என்ற நினைவாற்றல் சோதனை தமிழிலும் உண்டு. அதில் கடிகாரம் வரையச் சொல்வார்கள், கலகலப்பான பேச்சு அங்கே உதவாது. சென்னை கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையத்திலும், பெங்களூருவில் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸிலும் இதற்கான மருத்துவர்கள் இருக்கிறார்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

பதில் 3:
மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் என்று உறுதியானால் பெரும்பாலும் டோனெபெசில் என்ற மாத்திரையைத் தொடங்குவார்கள். அது நோயைக் குணப்படுத்தாது, ஆனால் சிலருக்கு நினைவையும் அன்றாடச் செயல்களையும் சில காலம் தாங்கிப் பிடிக்கும். நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடும் என்பதால் இதய நோய் ஏதும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், சீக்கிரம் கண்டறிவதன் பெரும்பயன் மாத்திரையைவிடப் பத்திரங்களில்தான் இருக்கிறது. பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்தால் நம் சட்டப்படி அது முடிவுக்கு வந்துவிடும். ஆகவே உயில், கூட்டுக் கணக்கு, வாரிசு நியமனம் ஆகியவற்றை அவர் தெளிவோடு இருக்கும் இப்போதே, அவரது விருப்பத்தைக் கேட்டு முடித்துவிடுங்கள்.