மாராவும் செரெங்கெட்டியும் பார்த்தாச்சு, ஆப்பிரிக்காவில் அடுத்து எங்கே போகலாம்?

மலர்_கோவை:
எல்லோருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் முதலில் கென்யாவில் மசாய் மாராவும், அப்புறம் இன்னொரு பயணத்தில் தான்சானியாவில் செரெங்கெட்டியும் கோரோங்கோரோவும் பார்த்துவிட்டோம். இரண்டுமே மனதுக்கு நிறைவாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு சிவிங்கிப்புலி புல்லில் படுத்திருந்தால் ஓட்டுநர்கள் ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லி, கொஞ்ச நேரத்தில் இருபது வண்டிக்கு மேல் சுற்றி நின்றுவிடுகின்றன. அது வேட்டைக்கு எழுந்திருக்கக்கூட வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்வதைப் பார்க்க எங்கள் இருவருக்குமே கஷ்டமாக இருந்தது. மூன்றாவது முறை போனால் அப்படி ஒரு கூட்டத்தில் நாங்கள் இருக்க வேண்டாம் என்று நினைக்கிறோம்.

செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் போக முடியும். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, ஆனால் நன்றாக நடப்போம். நான் சைவம். தான்சானியாவில் ருவாஹா, கட்டாவி, சாம்பியாவில் தெற்கு லுவாங்வா என்று மூன்று பூங்காக்களின் பெயர் குறித்து வைத்திருக்கிறேன், மூன்றையும் ஒரே பயணத்தில் முடிக்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தாருஸ்ஸலாம்_வாசி:
மேடம், நான் வேலைக்காக தார் எஸ் சலாமில் இருக்கிறேன், விடுமுறை கிடைத்தால் போவது ருவாஹாதான், அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சுமார் 20,000 சதுர கிலோமீட்டர், செரெங்கெட்டியைவிடப் பெரிய பூங்கா. ஆனாலும் கூட்டம் வராததற்குக் காரணம் எளிது. வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கி அருஷாவிலிருந்து வடக்குப் பூங்காக்களைச் சுற்றிவிட்டு, மீதி நாளில் சான்சிபார் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள், தெற்குப் பக்கம் திரும்புவதே இல்லை. தார் நகரிலிருந்து சிறு விமானம் இருக்கிறது. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் சாலையில் வரலாம், இரிங்கா வரை 500 கிலோமீட்டர் போல. நெடுஞ்சாலையே மிக்குமி பூங்காவுக்குள் புகுந்துதான் வருகிறது, பேருந்து ஜன்னலிலேயே யானையும் ஒட்டகச்சிவிங்கியும் பார்க்கலாம். இரிங்காவில் ஒரு இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை பூங்காவுக்குள் போனால் உடம்புக்கும் அலுப்பு தெரியாது. உள்ளே ம்செம்பேயில் ஆற்றங்கரையில் பூங்கா நிர்வாகத்தின் எளிய தங்கும் குடில்கள் உண்டு, நுழைவுக் கட்டணமும் செரெங்கெட்டியைவிடக் குறைவு.

அக்டோபரில் அங்கே நீங்கள் பார்க்கப்போவதைச் சொல்லியே ஆக வேண்டும். கிரேட் ருவாஹா ஆறு ஒரு காலத்தில் வருடம் முழுக்க ஓடிய ஆறு. மேலே உசாங்கு சமவெளியில் நெல் பாசனத்துக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க, 1993 முதல் ஒவ்வொரு வறண்ட பருவத்திலும் ஓட்டம் நின்றுபோகிறது. மிச்சம் இருக்கும் குட்டைகளில் நீர்யானைகளும் முதலைகளும் நெருக்கிக்கொண்டு கிடக்கும். மணல் ஆறுகளில் யானைகள் காலாலும் துதிக்கையாலும் பள்ளம் தோண்டி ஊற்று நீர் குடிக்கும், அது நகர்ந்ததும் அதே பள்ளத்துக்கு மற்ற மிருகங்கள் வரும். இந்தத் தண்ணீரைச் சுற்றியே சிங்கங்களும் இருக்கும், ருவாஹாவில் சிங்கக் கூட்டங்கள் பெரியவை, எருமையை அடிக்கக்கூடியவை. பாவோபாப் மரங்கள் நிற்கும் அந்த மலைச்சரிவுகளில் நாள் முழுக்க ஓட்டி நாலைந்து வண்டிதான் எதிரே வந்தது என்பது அங்கே சாதாரணம்.

ஒன்று மட்டும், வடக்கு மாதிரி வண்டிக்குப் பழகிய மிருகங்கள் இல்லை. 2010ஐ ஒட்டிய வருடங்களில் தந்தத்துக்காக இங்கே ஏராளமான யானைகள் கொல்லப்பட்டன. சில யானைக் கூட்டங்கள் இன்றும் வண்டிச் சத்தம் கேட்டாலே குட்டிகளை நடுவில் வைத்துக்கொண்டு ஓடும். அப்போது என்ஜினை அணைத்துவிட்டு விலகி நிற்கிற வழிகாட்டியாகப் பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

நடைவழி:
நடப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் என் ஓட்டு சாம்பியாவின் தெற்கு லுவாங்வாவுக்குத்தான். நடை சஃபாரி வளர்ந்த இடமே அதுதான். 1950இல் நார்மன் கார் என்பவர் அந்தப் பகுதியின் தலைவர் ந்செஃபுவிடம் பேசி, நிலத்தில் ஒரு பங்கைக் காட்டு விலங்குகளுக்கு ஒதுக்கவும், பார்க்க வருகிறவர்கள் தரும் பணம் ஊர் மக்களுக்குப் போகவும் வழி செய்தார். வேட்டைக்காக இல்லாமல் பார்ப்பதற்காக நடந்துபோவது அங்கே அப்படித்தான் வேர்பிடித்தது.

விடியும்போதே கிளம்ப வேண்டும். முன்னால் துப்பாக்கியோடு காவலர், அடுத்து வழிகாட்டி, பின்னால் நாம் ஒற்றை வரிசையில், பேச்சே கிடையாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று வழிகாட்டி புழுதியைத் தூவிப் பார்ப்பார். சிங்கத்தைக் கிட்டத்தில் பார்க்கப் போவதில்லை, அதற்கு வண்டிதான் சரி. நடந்தால் கிடைப்பது வேறு: கழுதைப்புலியின் எச்சம் எலும்புச் சுண்ணாம்பால் வெளுத்திருப்பது, ராத்திரி சிறுத்தை போன தடத்தின் மேல் காலையில் கினிக்கோழி நடந்திருப்பது, தூரத்தில் ஒரு யானை கிளை ஒடிக்கும் சத்தம் கேட்டதும் முழு வரிசையும் மூச்சைப் பிடித்து நிற்பது. வண்டியில் உட்கார்ந்து எத்தனை முறை போனாலும் இது தெரியவராது, இரண்டு சஃபாரி முடித்தவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆற்றங்கரை முகாம்கள் பல மூங்கில், நாணல், புல் கொண்டு ஒவ்வொரு வருடமும் மழை முடிந்தபின் புதிதாகக் கட்டப்படுபவை, நவம்பரில் மழை தொடங்கும்போது பிரித்துவிடுவார்கள். அதனால் உங்கள் தேதி சரியாகப் பொருந்தும். அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தொடும், அதைத் தாங்க முடியாது என்றால் செப்டம்பருக்கு நகர்த்துங்கள். அந்த மாதங்களில்தான் செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் ஆற்றின் செங்குத்துக் கரையில் நூற்றுக்கணக்கில் பொந்து குடைந்து கூடு வைக்கும், கரையே சிவப்பாகத் தெரியும்.

ஆனால் ம்ஃபுவே நுழைவாயிலை ஒட்டிய பகுதியில் மாலை நேரத்தில் ஒரு சிறுத்தையைச் சுற்றி வண்டிகள் சேர்வது இங்கேயும் உண்டு. ந்செஃபு பகுதியிலோ, இன்னும் வடக்கே தள்ளியோ தங்குங்கள். சிவிங்கிப்புலி இந்தப் பூங்காவில் இல்லை, காண்டாமிருகத்தைக் கள்ள வேட்டையிலேயே இழந்துவிட்டார்கள், அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

சவன்னா72:
மேலே இருவர் சொன்னதும் சரி, ஆனால் மூன்றையும் ஒரே பயணத்தில் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் மலர். கட்டாவிக்கு வாரத்தில் சில நாள்தான் விமானம். அதைத் துரத்தி, அங்கிருந்து சாம்பியாவுக்கு மாறி, என்று போட்டால் பாதி விடுமுறை சிறு விமான நிலையங்களில் போய்விடும், பணத்தில் பெரிய பங்கும் அந்தச் சீட்டுகளுக்கே போகும். ஒரே பூங்கா, ஒரே முகாம், ஒரு வாரம் உட்காருங்கள். நேற்றுப் பார்த்த சிங்கக் கூட்டம் இன்று எங்கே போனது என்று தேடுகிற நிலைக்கு வந்தால்தான் காடு புரியத் தொடங்கும்.

இன்னொரு விஷயம், கூட்டம்தான் பிரச்சினை என்றால் மாராவை விட்டே ஓட வேண்டியதில்லை. பூங்காவின் எல்லையை ஒட்டி நபோய்ஷோ, ஒலாரே மோட்டொரோகி மாதிரி காப்பகங்கள் இருக்கின்றன. நிலம் மசாய் குடும்பங்களுடையது, முகாம்கள் மாதாமாதம் அவர்களுக்குக் குத்தகை கொடுக்கின்றன. அங்கே தங்குகிறவர்களின் வண்டிக்கு மட்டுமே அனுமதி, ஒரு மிருகத்தைச் சுற்றி இத்தனை வண்டிதான் என்று கட்டுப்பாடும் உண்டு. நடக்கவும் விடுவார்கள், ராத்திரியிலும் வண்டி போகும், இரண்டும் மாரா தேசியக் காப்பகத்துக்குள் கிடையாது. விலை கூடுதல்தான், ஆனால் அந்தக் காசு எந்த வீட்டுக்குப் போகிறது என்று தெரியும். எனக்கு அது பெரிய விஷயம்.

மலர்_கோவை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சவன்னா72 சொன்னதைப் படித்ததும் கட்டாவியை எடுத்துவிட்டேன். கணவர் நடை சஃபாரி பக்கம் சாய்ந்துவிட்டார், எனக்கும் லுவாங்வா என்றே தோன்றுகிறது, செப்டம்பர் கடைசி. சைவச் சாப்பாடு, ஊசி, மூட்டை பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள்.

நடைவழி:
சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், முன்பதிவின்போதே முட்டை வேண்டுமா வேண்டாமா என்பது வரை எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் முகாமுக்குச் சாமான் லாரியில் வருகிறது, போய் இறங்கியபின் கேட்டால் அவர்களிடம் காய்கறி இருக்காது. மஞ்சள் காய்ச்சல் ஊசி மாராவுக்குப் போனபோதே போட்டிருப்பீர்கள், அந்த அட்டை ஆயுளுக்கும் செல்லும், தேடி எடுத்து வையுங்கள். தொலைந்திருந்தால் போட்ட மையத்தையே கேளுங்கள், விமானம் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக மாறுவதாக இருந்தால் அது கையில் இருப்பது நல்லது. லுவாங்வா தாழ்வான பள்ளத்தாக்கு, மலேரியா உள்ள இடம், கோரோங்கோரோவின் குளிர் உயரம் போல் இல்லை. மாத்திரைக்குக் கிளம்பும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

சிறு விமானத்தில் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோ, கேமராவும் அதில் சேர்த்தி, சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஏற்ற மாட்டார்கள், துணிப் பை எடுங்கள். கரும் நீலமும் கருப்பும் கடிக்கும் செட்சி ஈயை இழுக்கும், அங்கே அதைப் பிடிக்க வைக்கும் பொறித் துணியே அந்த நிறத்தில்தான் இருக்கும், அதனால் காக்கி, மண் நிறம் மட்டும் போதும். புது ஷூவோடு மட்டும் வராதீர்கள், இப்போதிருந்தே அதைப் போட்டுக்கொண்டு தினம் நடங்கள்.