தைகோ பேரரசரின் 'தொகை': ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,
ஜப்பானியப் பேரரசர் தைகோ (ஆட்சி 897–930) பற்றிய கட்டுரையை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அவர் ஆணைப்படி கி நோ த்சுராயுகி முதலான நால்வர் 'கோகின்ஷூ'வைத் தொகுத்தார்கள். 20 சுருள், ஏறத்தாழ 1,100 பாடல். (ஒலிப்புக்காகக் 'கொக்கின்' என்று எழுதினால் பறவை வந்து நிற்கிறது.) இப்படி அரசர் சொல்லித் தொகுத்த கவிதைத் தொகைகள் 1439 வரை 21. பொதுப்பெயர் என்ன? 'அரசாணைத் தொகை' என்றேன். "மாசம் எவ்வளவு தர்றாங்க?" என்கிறாள் தங்கை.
– க.

புதுச்சொல் எதற்கு? ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. 'தொகுப்பித்த நூல்' என்க. பிறவினை எதற்கு இருக்கிறது?
– புலவர் செ.

ஐயா, இலக்கணம் சரி. போன முறை நான் எழுதிய 'தொகுப்பித்தார்' அச்சில் 'தொகுத்தார்' ஆகிவிட்டது. 'ப்பி' போனால் தைகோவே உட்கார்ந்து பாட்டுப் பொறுக்கியதாகிவிடும். 'வேந்தர் தொகை'?
– மா.

வேந்தர் என்றால் இன்று பட்டமளிப்பு விழா. 'ஏவல்தொகை' எப்படி?
– ந.

வேண்டவே வேண்டாம். வினைத்தொகை, உவமைத்தொகை வரிசையில் ஏழாவது தொகை என்று பிள்ளைகள் தேர்வில் எழுதிவிடுவார்கள்.
– மா.

தொகு, தொக்கு, 'தொக்கி நிற்றல்'... மாங்காய்த் தொக்கும் இதே வேர்தானோ என்னவோ! வதக்க வதக்கச் சுருங்கித் தொகுகிறது அல்லவா!
– புலவர் செ.

ஊறுகாயை அப்புறம் பார்ப்போம். 905இல் அதே தைகோ தொடங்கிவைத்த 'எங்கிஷிகி', 50 சுருள், 927இல் முடிந்தது. அது சட்டநடைமுறை விதிகள். அதுவும் அரசாணையில் தொகுத்ததுதானே? 'பாடல்' என்ற சொல் இல்லாமல் எப்படிப் பிரிப்பீர்கள்?
– ந.

சரியான கேள்வி. ஆனால் தொகுத்தவர்களையும் மறைக்கக் கூடாது. நால்வரில் தொமோநோரி, வேலை முடியுமுன்பே இறந்துபோனார். த்சுராயுகி அவருக்குப் பாடிய இரங்கற்பா அந்தத் தொகையிலேயே இருக்கிறது. ஆணையிட்டவர் ஒருவர், சுமந்தவர்கள் வேறு.
– மா.

நேரமில்லை. 'அரசாணைப் பாடல்தொகை' என்று அனுப்பிவிட்டேன். ஐயாவுக்காக 'தொகுப்பித்தவர் தைகோ' என்று முதல் வரியில் ஒருமுறை.
– க.

பாடற்றொகை. புணர்ச்சியைக் கைவிட்டதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தொக்குக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.
– புலவர் செ.