முதிய மூளையில் டௌ கூடுதலாகப் பரவுவது ஏன்? (புனைபெயர்களில் நால்வரின் உரையாடல்)

சினாப்ஸ்: அல்சைமர் மறதி நோயில், நியூரான்களுக்குள் தவறாக மடிந்து சேரும் டௌ புரதம், நினைவோடு தொடர்புள்ள என்டோரைனல் கார்டெக்ஸ் பக்கம் தொடங்கி, அடுத்துள்ள ஹிப்போகேம்பஸ், பிறகு மற்ற கார்டெக்ஸ் (மூளையின் புறணி) என்று போவதை ப்ராக் தம்பதி 1991-லேயே படிநிலைகளாக வகுத்துவிட்டார்கள். வயதானவர்களிடம் அது அதிகமாக இருப்பது, சேருவதற்கு நிறைய வருஷம் கிடைத்ததால் மட்டும்தானா? இல்லை முதிய மூளையே பரவலுக்கு இடம் கொடுக்கிறதா? சுண்டெலியில் பிரித்துப் பார்க்க முடியுமா?

லைசோசோம்: இடம் கொடுக்கிறது. பக்கத்து நியூரான் விட்ட டௌவை ஒரு செல் உள்ளே இழுத்தாலும், லைசோசோம் (செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பை) அதைச் சிதைத்துவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. வயது ஏற லைசோசோம் மந்தமாகி, செரிக்காத கசடான லிப்போஃபஸ்கின் அதில் சேர்கிறது. தப்பிய டௌ அந்தச் செல்லின் சொந்த டௌவையும் தன்னைப் போலவே மடக்கிவிடும். மூளையின் நோயெதிர்ப்புச் செல்லான மைக்ரோக்லியாவும் டௌவை விழுங்கும், முழுசாகச் செரிக்காது. மூளைத் திரவம் கழிவை அடித்துச் செல்லும் கிளிம்ஃபாடிக் கழிவு நீக்கம் குறைவதையும் சேர்த்துச் சொல்வார்கள். அதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

வெக்டர்: சுண்டெலியில் பிரித்துப் பார்க்க முடியும். பச்சை ஒளிர்புரதம், 2ஏ (இரண்டு புரதங்களைப் பிரிக்கும் சிறு இணைப்புத் தொடர்), மனித டௌ மூன்றின் மரபணு வரிசையையும் ஒரே ஏஏவி-யில் (மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ்) வைத்து, இளசு, கிழடு இரண்டுக்கும் ஒரே அளவில் என்டோரைனலில் செலுத்துங்கள். 2ஏ இருப்பதால் இரண்டு புரதமும் தனித்தனியாக உருவாகும். பச்சையும் டௌவும் இருந்தால் தயாரித்த செல், டௌ மட்டும் இருந்தால் வேறு செல்லிடமிருந்து வாங்கிய செல். வாங்கிய செல்களை வெறுமனே எண்ணி ஒப்பிடாதீர்கள். வைரஸ் பிடிப்பது விலங்குக்கு விலங்கு மாறும். தயாரித்த செல் எண்ணிக்கையால் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும். 2019-ல் இதே முறையில் செய்த ஆய்வில் முதிய சுண்டெலிகளில் பரவல் கூடுதலாகவே இருந்தது.

கன்ஃபோகல்: ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன லிப்போஃபஸ்கின் தானாகவே ஒளிரும், பச்சையிலும் சிவப்பிலும். கருவையொட்டி மணல்மணலாகத் தெரியும். அதை டௌ என்று எண்ணினால் கிழட்டு விலங்கில் மட்டும் கணக்கு வீங்கும். ஆன்டிபாடி (டௌவை ஒளிரக் காட்டும் குறிப்பான்) போடாத முதிய மூளை வெட்டு ஒன்றையும் கூடவே பாருங்கள். அந்தத் தானொளிர்வை அடக்க, ஆன்டிபாடிகள் முடிந்தபின், வெட்டை 70% எத்தனாலில் கரைத்த 0.1% சூடான் பிளாக் பி என்ற கறுப்புச் சாயத்தில் 5–10 நிமிடம் வையுங்கள். பிறகு டிரைட்டன் (சோப்பு போன்ற பொருள்) கலந்த பஃபரில் கழுவினால் சாயம் போய்விடும். கழுவ வெறும் பிபிஎஸ் (உப்பு பஃபர் கரைசல்) போதும். ஃபார்-ரெட் (ஆழ்சிவப்பு) சேனலில் மட்டும் இந்தச் சாயமே பின்னணியைக் கூட்டும், டௌவை அங்கே வைக்காதீர்கள்.

சினாப்ஸ்: எத்தனாலில் பச்சை மங்காதா?

கன்ஃபோகல்: மங்கும். அதனால் பச்சைக்கும் ஆன்டிபாடி போட்டே பார்க்கணும். இல்லாவிட்டால் மங்கலான தயாரிப்புச் செல் எல்லாம் வாங்கிய செல் கணக்கில் விழுந்துவிடும்.